இமையில் ஆடிய ஈயக் குண்டு

சத்தம் என்று பெரிதாக எதுவும் வரவில்லை. இறுகி நின்ற தூண்டில் நரம்பு விடுபட்டபோது காற்றில் ஒரு சீறல். அடுத்து, பிரவீன் பல்லிடுக்கில் இழுத்த மூச்சு. அவ்வளவுதான். நான் கொஞ்சம் தள்ளி, தண்ணீரைப் பார்த்தபடி நின்றிருந்தேன். திரும்பிப் பார்த்தபோது அவன் தூண்டில் ராடைக் கீழே போட்டுவிட்டு, இரண்டு கைகளையும் முகத்துக்குப் பக்கத்தில் தூக்கி வைத்திருந்தான். முகத்தைத் தொடவில்லை.

"மாமா, கண்ணு" என்றான்.

கிட்டே போனேன். இடது கண் இறுக மூடியிருந்தது. மேல் இமையின் நடுவில் கொக்கி இறங்கியிருந்தது. கொக்கியின் தலையில் இருந்த ஈயக் குண்டு, பட்டாணி அளவுதான் இருக்கும், இமையைக் கீழே இழுத்துக்கொண்டு தொங்கியது. கொக்கியில் மாட்டியிருந்த மஞ்சள் ரப்பர் மீன்குஞ்சு ஏரிக்காற்றில் வாலை ஆட்டிக்கொண்டிருந்தது.

அது வாலை ஆட்டுவதற்காகவே செய்யப்பட்டது. நன்றாக ஆடுகிற வாலாகப் பார்த்து, கடையில் பத்துப் பாக்கெட்டைப் பிரிக்கச் சொல்லி நான் வாங்கிய ரகம். அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு வந்த ஆத்திரத்தை எழுத வராது.

"ரத்தம் வருதா மாமா?"

"இல்ல. கையக் கீழ போடு. தொடாத."

வலது கண்ணால் அவன் என்னையே பார்த்தான். என்ன கேட்கிறான் என்று எனக்குத் தெரியும். அடுத்த வாரம் சென்னையில் அவனுக்கு மெடிக்கல். ரயில் எஞ்சின் ஓட்டுகிற வேலை. ஒவ்வொரு கண்ணாலும் தனித்தனியாக, கண்ணாடி போடாமல், எழுத்துப் பலகையின் கடைசி வரி வரைக்கும் படித்தாக வேண்டும். கண் சரியில்லை என்றால் அந்த வேலை இல்லை.

கோஷ்டியும் கொக்கியும்

பிரவீன் என் மனைவி ரீட்டாவின் தம்பி. கடலூர் செம்மண்டலத்தில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி அம்மாவோடு இருந்தான். டிப்ளமோ முடித்தவன். அதற்குப் பிறகு அவன் எழுதாத பரீட்சை கிடையாது. ஒவ்வொரு முறையும் நூலிழையில் தவறும். நூலிழை என்பதைக் கேட்டுக் கேட்டு எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அலுத்துப் போயிருந்தது. கடைசியில் இந்தப் பரீட்சையில் பெயர் வந்தது. மெடிக்கல் ஒன்றுதான் பாக்கி.

என் மாமியார் அந்தத் தவக்காலத்தில் ஒரு நேர்ச்சை வைத்துக்கொண்டார். மகனுக்கு மெடிக்கல் முடிகிற வரை வீட்டில் கறியும் கிடையாது, மீனும் கிடையாது. எங்கள் கோயில் ஆட்களுக்குத் தவக்காலத்தில் கறி விடுவது சகஜம். மீனையும் விடுவது என்பது கடலூரில் பிறந்தவர்களுக்குக் கொஞ்சம் ஜாஸ்தி. சாம்பல் புதனுக்குப் பிறகு அந்த வீட்டுச் சமையலறையில் கத்தரிக்காயைத் தவிர வேறு எதையும் நான் பார்த்ததாக நினைவில்லை.

"சாப்புடாத மீனுக்கு எதுக்கு இவ்ளோ தூரம் போறீங்க?" என்று ரீட்டா கேட்டாள்.

"புடிச்சிட்டு வுட்டுடுவோம்."

"அதுக்கு வீட்லயே இருக்கலாம்ல?"

நியாயமான கேள்வி. ஆனால் அந்தப் பையன் பத்து நாட்களாகச் சரியாகத் தூங்கவில்லை. காலையில் நான் போகும்போதெல்லாம் ஜன்னலுக்கு வெளியே தெரிகிற கடைப் பலகைகளை ஒரு கண்ணை மூடிக்கொண்டு படித்துப் பார்ப்பான். பிறகு மற்ற கண்ணை மூடிக்கொண்டு படிப்பான். சந்தேகம் வந்தால் மறுபடியும் முதலிலிருந்து. பார்க்கிற எனக்கே கண் வலித்தது. ஒரு நாள் ஏரிப்பக்கம் கூட்டிக்கொண்டு போனால் மனசு கொஞ்சம் ஆறும் என்று நினைத்தேன்.

நான் கார்களுக்கு ஏசி பார்க்கிறவன். ஏசி மெக்கானிக்குக்கெல்லாம் என்ன நினைவுக் குறிப்பு என்று இந்தத் தொடர் ஆரம்பித்த புதிதில் ஒரு வாசகர் கேட்டிருந்தார். எங்களுக்கும் நினைவுகள் உண்டு. கோடையில் எழுத நேரமில்லை, அதுதான் வித்தியாசம்.

தொழிலால் வந்த ஒரு பெயரும் எனக்கு உண்டு. எங்கள் தூண்டில் கோஷ்டியில் யார் கையில் கொக்கி ஏறினாலும் என்னிடம்தான் வருவார்கள். கொக்கி நுனிக்குச் சற்றுக் கீழே பின்பக்கமாகச் சாய்ந்த ஒரு சின்ன முள் இருக்கும். எதிர்முள் என்போம். உள்ளே போனதை வெளியே விடாமல் பிடித்துக்கொள்வது அதுதான். அதை எடுக்க ஒரு வழி இருக்கிறது. கொக்கியின் வளைவில் நரம்பை ஒரு சுற்றுப் போட்டு, கொக்கியின் காம்பை விரலால் தோலோடு அழுத்திக்கொண்டு, எதிர்த்திசையில் ஒரே சுண்டு. வலி தெரிவதற்குள் கொக்கி வெளியே வந்துவிடும்.

கட்டைவிரல், உள்ளங்கை, ஒரு முறை ஒருவருடைய காது மடல். எல்லாம் சுத்தமாக வந்திருக்கின்றன. கோஷ்டியில் என்னைக் கொக்கி டாக்டர் என்பார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

போணி

ஜிக் என்பது பெரிய சமாச்சாரம் இல்லை. ஒரு கொக்கி, அதன் கழுத்தில் உருக்கி ஊற்றிய ஈயக் குண்டு, மேலே போர்த்திய ரப்பர் குஞ்சு. புழு வேண்டாம், மாவு வேண்டாம். எறிந்துவிட்டு, குண்டு தரையைத் தட்டும் வரை காத்திருந்து, ராடின் நுனியை மெல்லத் தூக்கித் தூக்கி விட வேண்டும். சேற்றில் குதித்துக் குதித்து வருகிற குஞ்சைப் பார்த்து வாளை பாயும், விரால் பாயும், சில சமயம் ஒரு கெளுத்தி அசட்டுத்தனமாக வந்து மாட்டும். மீன் கவ்வினால் கையில் ஒரே ஒரு தட்டல் தெரியும். அந்தத் தட்டலுக்காகத்தான் விடிவதற்குள் பைக்கை எடுத்துக்கொண்டு கடலூரிலிருந்து கிளம்புகிறோம்.

மாசி முடிகிற சமயத்தில் வீராணம் ஏரியில் தண்ணீர் இறங்க ஆரம்பிக்கும். பரந்து கிடந்த மீனெல்லாம் பழைய ஓடைத் தடங்களில் ஒதுங்கும். குட்டி ஜிக்குக்கு அதுதான் சீசன். ஆனால் தண்ணீர் இறங்கும்போது, ஆழத்தில் கிடந்த, வெட்டிய கருவேல மரங்களின் முண்டுகள் மேல்மட்டத்துக்குக் கிட்டே வந்துவிடும். கண்ணுக்குத் தெரியாது. எறிந்த ஜிக் நேராகப் போய் அதில் மாட்டும்.

மாட்டினால் நரம்பை அறுத்துவிட்டு வேறு ஜிக் கட்டுவதுதான் புத்திசாலித்தனம். எங்கள் கோஷ்டியில் அது நடக்காது. காரணம், போணி.

அன்றைய முதல் மீனுக்கு எங்களுக்குள் போணி என்று பெயர். கோஷ்டியில் பாதிப் பேர் கடைக்காரர்கள், கல்லாவில் சொல்கிற சொல் அப்படியே ஏரிக்கும் வந்துவிட்டது. போணி ஆவதற்கு முன்னால் யாரும் நரம்பை அறுக்கக் கூடாது. கெஞ்சியோ கொஞ்சியோ ஜிக்கை மீட்டுத்தான் ஆக வேண்டும். அறுத்தால் அவனுக்கு மட்டும் இல்லை, கூட வந்தவர்கள் எல்லோருக்கும் அன்றைய நாள் போச்சு. யார் இதை ஆரம்பித்தது என்று யாருக்கும் தெரியாது. பாங்க் மேனேஜர் ஒருவர், எல்லாவற்றுக்கும் ஆதாரம் கேட்கிறவர், அவர்கூட இதை மீறி நான் பார்த்ததில்லை. ஒரு முறை இடுப்பளவு தண்ணீரில் இறங்கி முண்டைக் கட்டிப்பிடித்துத் தன் ஜிக்கை எடுத்து வந்தார்.

அன்று வெள்ளிக்கிழமை. கரையில் நாங்கள் இரண்டு பேர்தான். வெயில் இன்னும் ஏறவில்லை. பிரவீன் எறிந்த மூன்றாவதோ நான்காவதோ வீச்சில் ஜிக் மாட்டிக்கொண்டது.

"மாட்டிக்கிச்சு மாமா."

"ராட ஆட்டி வுட்டுப் பாரு. சில சமயம் தானா வரும்."

ஆட்டிப் பார்த்தான். இடம் மாறி நின்று இழுத்துப் பார்த்தான். வரவில்லை.

"அறுத்துடு" என்றேன்.

"போணி ஆவல மாமா. இன்னிக்குப் போயி அறுப்பனா?"

அந்த 'இன்னிக்கு' எனக்கும் புரிந்தது. மெடிக்கலுக்கு முன்னால், மாமியாரின் நேர்ச்சைக்கு நடுவில், அந்த நாளைக் கெடுத்துக்கொள்ள அவனுக்கு மனசில்லை. நானும் மேலே எதுவும் சொல்லாமல் என் நரம்பைப் பார்க்கத் திரும்பிவிட்டேன்.

இழுப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. நரம்பைத் துணியில் சுற்றிக்கொண்டு, தண்ணீருக்கு முதுகைக் காட்டி நடந்துபோக வேண்டும். நைலான் நரம்பு ரப்பர் மாதிரி இழுபடும். விடுபட்டால் அத்தனை இழுப்பையும் சேர்த்துக்கொண்டு ஜிக் திரும்பி வரும். இதெல்லாம் பிரவீனுக்கும் தெரியும். ஆனால் அன்று அவன் தண்ணீரைப் பார்த்தபடியே இழுத்தான். ஜிக் வருகிறதா என்று பார்க்க வேண்டும் அவனுக்கு.

வந்தது.

"நீங்களே எடுத்துடுங்க"

முதலில் நரம்பைக் கத்தரித்தேன். குண்டுக்கு மேல் ஒரு விரற்கடை மட்டும் விட்டுவிட்டு மீதியை அறுத்தேன். பிறகு ரப்பர் குஞ்சின் வாலை வெட்டி எறிந்தேன். அவனைக் கரைச் சரிவில் ஒரு மரத்தடியில் சாய்த்து உட்கார வைத்தேன்.

"வலிக்குதா?"

"வலி இல்ல மாமா. உள்ள இன்னாமோ உறுத்துது." என் கையைப் பார்த்தான். "நீங்களே எடுத்துடுங்க."

"இது விரல் இல்லடா."

"இமதான மாமா. தோலுதான? காதுலேர்ந்தே எடுத்தீங்களே. ஆஸ்பத்திரிக்குப் போனா எழுதிடுவாங்க. மெடிக்கல்ல கேப்பாங்க, கண்ணுல இன்னா ஆச்சுன்னு. அக்காவுக்குத் தெரிஞ்சிடும், அம்மாவுக்குத் தெரிஞ்சிடும். நீங்க எடுத்தா ரெண்டு நாள்ல வத்திடும். குளவி கொட்டுச்சின்னு சொல்லிக்கிறேன்."

எல்லாவற்றையும் அதற்குள் யோசித்து வைத்திருந்தான். ஒரு ஆஸ்பத்திரியில் எழுதுவது மெடிக்கல் நடக்கும் இடத்துக்கு எப்படித் தெரியும் என்று அவனும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. பயந்துபோனவனுக்கு எல்லா ஆஸ்பத்திரியும் ஒரே ஆஸ்பத்திரிதான்.

எனக்கும் ஆசை இருந்தது. ஒரே சுண்டு. நடந்ததே நடக்காதது மாதிரி ஆகிவிடும். ரீட்டாவிடம் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, கொக்கியின் வளைவில் நரம்பைச் சுற்றினேன். காம்பை அழுத்த விரலைக் கொண்டுபோனேன்.

விரலை வைக்க இடமில்லை. காதில் அழுத்தினால் அடியில் காது இருக்கும். இங்கே அடியில் இருந்தது கண்.

ஏசி வேலையில் ஒரு மூடியைக் கழற்றுவதற்கு முன்னால் அதற்குப் பின்னால் என்ன மாட்டியிருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் இழுப்பேன். அந்தப் பழக்கம் கையை நிறுத்தியது என்று நினைக்கிறேன்.

"பிரவீனு, ரெண்டு கண்ணையும் மூடிக்கோ. தலையத் திருப்பாத. மூடிக்கிட்டே மதகுப் பக்கம் பாக்கிற மாதிரி கண்ண மட்டும் திருப்பு."

மூடிய இமைக்குள் கண் உருண்டது தெரிந்தது. இமை நின்ற இடத்திலேயே நின்றது. ஈயக் குண்டு மதகுப் பக்கம் சாய்ந்தது.

"இப்ப ரோட்டுப் பக்கம்."

குண்டு ரோட்டுப் பக்கம் சாய்ந்தது.

கொக்கியின் நுனி இமையோடு நிற்கவில்லை. இமையைத் தாண்டி உள்ளே போய்க் கண்ணைத் தொட்டுக்கொண்டிருந்தது. கண் திரும்பினால் கொக்கியும் திரும்புகிறது. நான் சுண்டியிருந்தால் எதிர்முள் எதைக் கிழித்துக்கொண்டு வந்திருக்கும் என்று யோசிக்கவே பயமாக இருந்தது.

சுற்றிய நரம்பை அவிழ்த்தேன்.

"இன்னா மாமா?"

"ஆஸ்பத்திரிக்குப் போறோம். கண்ண உருட்டாத. நேரா பாத்துக்கிட்டே வா."

"எடுக்கறேன்னு சொன்னீங்க."

"சொல்லல."

"நரம்பு சுத்தினீங்க இல்ல? அப்புறம் இன்னா? உங்களுக்குப் பயம்னா வுடுங்க, நானே எடுத்துக்கிறேன்."

சொன்னதோடு நிற்கவில்லை. கை மேலே போனது. இரண்டு விரல்கள் குண்டைத் தொடுவதற்குள் அவன் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன். பலமான பையன். ஒரு நிமிடம் இரண்டு பேரும் அந்தக் கையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இழுத்துக்கொண்டிருந்தோம். அவனுக்கு வலது கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. கடைசியில் கையைத் தளர்த்தினான்.

"வேல போச்சு மாமா" என்றான்.

"கண்ணு இருந்தா வேற வேல பாத்துக்கலாம். எழுந்திரு."

வேறு வேலை என்று ஒன்று இல்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். வயது வரம்பு அந்த வருடத்தோடு முடிகிறது.

கரும்பு வண்டிகளுக்குப் பின்னால்

ராடுகளையெல்லாம் அப்படியே போட்டுவிட்டு, சாமான் பையை மட்டும் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினேன். கரை ரோடு முடிகிற இடத்தில் ஒரு டீக்கடை. அதுவரைக்கும் பைக்கை உருட்டாத குறையாக ஓட்டினேன். ஒவ்வொரு பள்ளத்திலும் குண்டு இமையை இழுப்பதை அவன் தோள் என் முதுகில் குலுங்குவதை வைத்தே தெரிந்துகொண்டேன். இப்படியே சிதம்பரம் வரை போக முடியாது.

டீக்கடையில் ஐந்தாறு பேர் இருந்தார்கள். அடுத்த நிமிடம் எல்லோரும் எங்களைச் சுற்றி நின்றார்கள். நல்லவர்கள்தான், அதுதான் ஆபத்து. ஒருவர் தாய்ப்பால் இரண்டு சொட்டு விட்டால் கொக்கி தானாக இறங்கிவிடும் என்றார். இன்னொருவர் உள்ளூரில் ஒரு அம்மாள் மந்திரிப்பதாகச் சொன்னார். டிராக்டர்காரர் ஒருவர் எதுவும் சொல்லாமல் வண்டிக்குப் போய்க் குறடு எடுத்து வந்தார்.

"நவுருங்க. மாட்டுக் குளம்புலேர்ந்து ஆணியே புடுங்கியிருக்கேன்."

"எடுங்க அண்ணே" என்றான் பிரவீன்.

நான் நடுவில் போய் நின்றேன். "யாரும் தொடக் கூடாது" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. டிராக்டர்காரருக்கு முகம் சுருங்கிவிட்டது. அவரிடம் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க நேரமில்லை.

கடைக்காரரிடம் ஒரு காகிதக் கப் கேட்டு வாங்கினேன். உடையக் கூடிய பாகம் எதையாவது கழற்றி வைத்தால், அதன் மேல் ஒரு டப்பாவைக் கவிழ்த்து வைப்பது ஒர்க் ஷாப்பில் என் வழக்கம். கப்பைக் குண்டோடு சேர்த்து அவன் கண் மேல் கவிழ்த்தேன். விளிம்பு புருவ எலும்பிலும் கன்னத்திலும் உட்கார்ந்தது. உள்ளே எதுவும் இடிக்கவில்லை. சாமான் பையில் இருந்த கறுப்பு டேப்பை எடுத்து நெற்றியைச் சுற்றி ஒட்டினேன். மிச்சக் கண்ணிலும் கைக்குட்டையைக் கட்டினேன். அது அசைந்தால் இதுவும் அசையும்.

சேத்தியாத்தோப்பைத் தாண்டிச் சிதம்பரம் ரோட்டில் ஏறினால், முன்னால் கரும்பு டிராக்டர்கள். சர்க்கரை ஆலை அரவை நடக்கிற காலம். ஒவ்வொரு டிராக்டருக்கும் பின்னால் இரண்டு டிரெய்லர், மலை போல் கரும்பு, ரோட்டின் இரண்டு பக்கமும் துருத்திக்கொண்டு. காய்ந்த கரும்புச் சோகை காற்றில் பறந்து வந்து முகத்தில் அடித்தது. தாண்டலாம் என்றால் எதிரே பஸ். பின்னாலேயே போகலாம் என்றால் மாட்டு வண்டி வேகம்.

"பிரவீனு, ஒவ்வொரு பள்ளத்துக்கும் 'ம்' சொல்லிக்கிட்டே வா. தூங்கிடாத."

"ம்."

இப்படியே வந்தோம். பள்ளம், 'ம்'. வேகத்தடை, 'ம்'. புவனகிரி கிட்டே வெள்ளாற்றுப் பாலத்தில் ஏறும்போது ஒரு பெரிய குலுக்கல். 'ம்' வரவில்லை.

"பிரவீனு."

பதில் இல்லை. அவன் பிடி என் இடுப்பில் தளர்ந்த மாதிரி இருந்தது. பின்னால் வந்த லாரி ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. பாலத்தின் ஓரத்தில் வண்டியை நிறுத்திவிட்டுத் திரும்பினேன். கண் இரண்டும் கட்டிய முகம். உதடு மட்டும் வேகமாக அசைந்துகொண்டிருந்தது. அருள்நிறை மரியே சொல்லிக்கொண்டிருந்தான்.

"செபத்த நிறுத்திட்டு 'ம்' சொல்லுடா" என்று கத்தினேன். வெள்ளிக்கிழமையில், தவக்காலத்தில், மாதாவுக்குக் குறுக்கே பேசிய பாவம் என்னைச் சேர்ந்தது.

"ம்" என்றான்.

உள்ளே

சிதம்பரத்தில் கடைவீதிக்குப் பின்னால் ஒரு சிறிய கண் ஆஸ்பத்திரி. புரை எடுக்க வந்த பெரியவர்கள் பெஞ்சு முழுக்க உட்கார்ந்திருந்தார்கள். கப்பைப் பார்த்ததும் நர்ஸ் எங்களை நேராக உள்ளே அனுப்பிவிட்டார்.

டாக்டர் ஐம்பது வயது மதிக்கத்தக்க அம்மா. கப்பை மெதுவாக எடுத்துவிட்டுக் குனிந்து பார்த்தார்.

"யாராவது இழுத்தீங்களா?"

"இல்ல மேடம்."

"கொஞ்சம்கூட?"

"இல்ல."

"நிச்சயமா?"

மூன்று முறை கேட்டார். மூன்றாவது முறை நான் பதில் சொன்ன பிறகுதான் நிமிர்ந்தார். "நல்லது" என்றார்.

மரத்துப்போக மருந்து விட்டார். இமைக்கும் கண்ணுக்கும் நடுவில் மெல்லிய தகடு ஒன்றை நுழைத்து, இமையைக் கண்ணிலிருந்து விலக்கித் தூக்கினார். கொக்கியின் நுனியை வெட்டினால்தான் எதிர்முள் போகும். அவரிடமிருந்த கத்தரி அந்தக் கம்பியில் வழுக்கியது. இரண்டாவது முறையும் வழுக்கியது.

"உங்க சாமான் பையில கட்டர் இருக்கும் இல்ல? தாங்க. சுத்தம் பண்ணிடறோம்."

கொடுத்தேன். அதை நர்ஸ் எடுத்துக்கொண்டு போனார். அந்த அம்மா தகட்டைப் பிடித்தபடியே அசையாமல் நின்றார். அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே எவரோ டோக்கன் நம்பர் கேட்டுச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். பிரவீன் என் விரல்களைப் பிடித்திருந்த பிடியில் மறுநாள்வரை வலி இருந்தது.

கட்டர் வந்தது. 'டிக்' என்று ஒரு சத்தம். நுனி தகட்டில் விழுந்தது. மீதிக் கொக்கி வந்த வழியே சுலபமாக வெளியே வந்தது. ஈயக் குண்டை ஒரு கிண்ணத்தில் போட்டார்.

விளக்கை வைத்து நெடுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கருவிழியில ஒரு கீறல் இருக்கு. ஓட்டை விழல. ஆழம் எவ்வளவுன்னு இப்ப சொல்ல முடியாது. ஆறினப்புறம் தழும்பு விழுந்தா பார்வை கொஞ்சம் குறையும். விழலன்னா ஒண்ணுமில்ல."

"மேடம், அடுத்த வாரம் எனக்கு மெடிக்கல்" என்றான் பிரவீன். என்ன வேலை என்றும் சொன்னான்.

அவர் சீட்டில் மருந்து எழுதினார். "கட்டுப் பிரிக்கும்போது இந்தக் கண்ணால கடைசி வரி படிச்சிட்டீங்கன்னா தாராளமா போங்க" என்றார். படிக்காவிட்டால் என்ன என்று அவனும் கேட்கவில்லை.

ரீட்டாவுக்கு அதன் பிறகுதான் போன் செய்தேன். கோயிலிலிருந்து நேராக பஸ் ஏறி வந்தாள். காலையிலிருந்து ஒருசந்தி நோன்பு, முகம் வாடியிருந்தது. தம்பியின் தலையைத் தடவினாள். என் பக்கம் திரும்பினாள்.

"மொதல்ல என்கிட்டதான சொல்லியிருக்கணும்?"

"சொன்னா நீ மயங்கி வுழுந்துடுவ."

"நான் வுழ மாட்டேன். நீங்கதான் வுழுவீங்க."

அதற்குப் பிறகு அதைப் பற்றி அவள் பேசவே இல்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். மாமியார் தன் நேர்ச்சையில் இரவுச் சாப்பாட்டையும் சேர்த்துக்கொண்டார். அந்த வீட்டில் எல்லோரும் மெதுவாகப் பேசினார்கள். ஒர்க் ஷாப்பில் நான் எந்த வண்டியையும் உருப்படியாகப் பார்க்கவில்லை. அந்த மஞ்சள் வால் கண்ணை மூடினாலும் ஆடியது.

கடைசி வரி

கட்டுப் பிரிக்கும் காலையில் பிரவீன், ரீட்டா, நான், மூன்று பேரும் போனோம். பஞ்சை எடுத்ததும் கண் சிவந்திருந்தது. இமையில் கொக்கி ஏறிய இடம் ஒரு கடுகு அளவு. டாக்டர் சொட்டு மருந்து விட்டு, கொஞ்ச நேரம் காத்திருந்து, விளக்கை வைத்துப் பார்த்தார். அவனைத் தூரத்து நாற்காலியில் உட்கார வைத்தார்.

"அந்த லைட்டப் போடுங்க" என்றார் என்னிடம். எழுத்துப் பலகையின் சுவிட்ச் பலகைக்குப் பக்கத்திலேயே இருந்தது. போட்டுவிட்டு, எங்கே நகர்வது என்று தெரியாமல் அங்கேயே நின்றுவிட்டேன்.

"வலது கண்ண மூடிக்குங்க. மேலேர்ந்து படிங்க."

படித்தான். முதல் வரி பெரிய எழுத்து, அது யாருக்கும் தெரியும். இரண்டு, மூன்று. நான் பலகையைப் பார்க்கவில்லை, அவன் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான்காவது வரியில் ஒரு எழுத்துக்குக் கண்ணைச் சுருக்கினான். சொல்லிவிட்டான். அடுத்த வரி மெதுவாக வந்தது. ஒவ்வொரு எழுத்துக்கும் நடுவில் அத்தனை நேரம். ரீட்டா கதவோரம் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள்.

கடைசி வரி. பிரவீன் நிறுத்திவிட்டான்.

டாக்டர் காத்திருந்தார். அவன் வாயைத் திறந்தான், மூடினான். உதடு நடுங்கியது. முடிந்தது என்று நினைத்தேன். பெயர் வந்து, எல்லாம் வந்து, ஒரு பட்டாணி அளவு ஈயத்தில் முடிந்தது.

"தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்க தம்பி" என்றார் டாக்டர். குரலில் முதல் முறையாக ஒரு இரக்கம் இருந்தது. "பரவால்ல."

"தெரியுது மேடம்."

"அப்புறம் ஏன் நிறுத்திட்டீங்க?"

"சிரிப்பு வருது. மாமா அழுவுறாரு. மூக்கு நுனியில ஒரு சொட்டு வந்து நிக்கிது, வுழல."

அப்போதுதான் எனக்கே அது தெரிந்தது. ரீட்டா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். டாக்டர் மட்டும் திரும்பவில்லை.

"அவர அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். "நீங்க கடைசி வரியப் படிங்க."

நான் மூக்கைத் துடைத்துக்கொண்டேன். அவன் சிரிப்பை அடக்கிக்கொண்டு, ஒரு எழுத்திலும் தடுக்காமல் படித்து முடித்தான்.